பயிர் நோய்க்கு இரட்டை மருந்து
(தாம்பரம் சுற்றுப்பக்கத்து ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பிரசங்கம்)



சங்கத்தில் கடன் வாங்கி நட்ட பயிர், கதிர் வாங்கும் சமயத்தில் குலை நோய் கண்டு வெளிறிச் சாய்ந்து நிற்பதைக் காட்டிலும் குடியானவனுக்குத் துக்கம் தரும் காட்சி வேறொன்று இராது. விதை, எரு, உழவு, நடவுக் கூலி, களையெடுப்பு ஆகிய எல்லாச் செலவும் முடிந்த பிறகே இந்நோய் கதிரின் கழுத்தைப் பிடிக்கிறது. களத்தில் பதர் மிஞ்சுகிறது. சங்கத்துக் கணக்கில் கடன் மிஞ்சுகிறது. தவணை தவறிய கடன் வாங்கியவன் ஒருவனுடைய கஷ்டமாக நின்று விடுவதில்லை. அடுத்த போகத்திற்குக் கடன் கேட்கும் மற்ற அங்கத்தினர்களையும் அது தொடுகிறது. ஆகையால் பயிர் நோய் என்பது விவசாய இலாகாவுக்கு மட்டும் உரிய விஷயமன்று. ஐக்கிய சங்கத்திற்கும் உரியதே.

"மருந்து அடித்தும் கேட்கவில்லை" என்னும் முறையீடு கிராமந்தோறும் கேட்கப்படுகிறது. மருந்து கேளாமைக்கு முக்கியமான காரணங்கள் மூன்று. நோய் ஒன்று, மருந்து வேறொன்றாக இருப்பது முதற் காரணம். நோய் முற்றிய பின் மருந்து தேடுவது இரண்டாவது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்து அதன் வீரியத்தையே மழுங்கச் செய்து விடுவது மூன்றாவது. இம்மூன்றாவது காரணத்தைக் குடியானவர்கள் அதிகமாக அறிந்திலர். இதற்குப் பரிகாரமாக உலகமெங்கும் கையாளப்படும் முறை, வெவ்வேறு விதமாக வேலை செய்யும் இரண்டு மருந்துகளைச் சேர்த்து உபயோகிப்பதாகும்.

இச்சுற்றுப்பக்கத்தின் நிலைமை

தாம்பரம், முடிச்சூர், மண்ணிவாக்கம், மாடம்பாக்கம், சோமங்கலம், மணிமங்கலம், படப்பை ஆகிய ஊர்கள் ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த ஊர்கள். இவற்றில் பல இன்று வீட்டு மனைகளால் சூழப்பட்டு விட்டன. தாம்பரம் 2021ஆம் வருஷத்தில் மாநகராட்சியுமாயிற்று. ஆயினும் சுற்றுக் கிராமங்களில் எஞ்சிய நன்செய்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் போகங்களில் நெல்லும், கிணற்றடி நிலங்களில் வெண்டை, கத்தரி, மிளகாய், வெள்ளரி, புடல், பீர்க்கு, கீரை முதலியனவும் பயிராகின்றன.

வடகிழக்குப் பருவ மழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரையில் பெய்கிறது. அதன் பின் மார்கழி, தை மாதங்களின் பனி. சம்பா கதிர் வாங்குவதும் நவரை நாற்று விடுவதும் இக்காலத்திலேயே. இராக் குளிர்ச்சியும், காலை வெகு நேரம் வரையில் இலைமேல் நிற்கும் ஈரமும் குலை நோய்க்கு மிகவும் அனுகூலமானவை. யூரியாவை அளவுக்கு மீறி இட்ட வயலில் இந்நோய் இன்னும் வேகமாகப் பரவும். இலையில் கண் வடிவமான புள்ளி, அதன் நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு நிறம்: இதுவே குலை நோயின் அடையாளம். தண்ணீர் மட்டத்தருகே தாளின் உறையில் பச்சை கலந்த சாம்பல் நிறத் திட்டுக்கள் தோன்றினால் அது இலையுறைக் கருகல் என்னும் வேறொரு நோய். இவ்விரண்டும் ஒரே வயலில் ஒரே சமயத்தில் இருக்கக்கூடும். ஒன்றைத் தடுக்கும் மருந்து மற்றொன்றைத் தடுக்க வேண்டுமென்னும் நியமம் இல்லை. டிரைசைக்ளசோல் குலை நோய்க்குப் பேர்போன மருந்து. இலையுறைக் கருகலுக்கு அதனால் பிரயோஜனமில்லை. இரு மருந்தைச் சேர்ப்பதன் முதல் லாபம் இங்கேயே விளங்கும்: ஒரே தெளிப்பில் இரண்டு நோயும் அடங்கும், ஒரு தடவைக் கூலி மிச்சமாகும்.

குலை நோய் இம்மாகாணத்திற்குப் புதியதன்று. 1919ஆம் வருஷத்தில் தஞ்சாவூர் டெல்டாவில் இது கொள்ளை நோய்போல் பரவிப் பெரும் நஷ்டம் விளைவித்தது. அதன் பின் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இந்நோயைத் தாங்கும் கோ 4 என்னும் விதையைத் தேர்ந்தெடுத்தனர். நோய் தாங்கும் விதையே முதல் மருந்து என்பதை எக்காலத்திலும் மறக்கலாகாது. தெளிக்கும் மருந்து அதற்கு அடுத்தபடியே.

இரு பொருள் சேர்ந்த பழைய கதை

இரு பொருளைச் சேர்த்துப் பயிர் நோயை ஒழிக்கும் வித்தை பிரான்சு தேசத்தில் ஒரு திருட்டுப் பயத்தால் வெளிவந்தது. போர்டோ நகரைச் சூழ்ந்த திராட்சைத் தோட்டங்களில் பாதையோரத்துக் கொடிகளில் வழிப்போக்கர் பழம் பறித்துத் தின்பது வழக்கம். அதைத் தடுக்கத் தோட்டக்காரர் மயில் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து இலைகளின்மேல் தெளித்து, நஞ்சு போல் தோன்றச் செய்தனர். 1882ஆம் வருஷத்தில் மில்லார்டே என்னும் பேராசிரியர், மற்றக் கொடிகளெல்லாம் அடிச்சாம்பல் நோயால் இலையுதிர்ந்து நிற்க, பாதையோரக் கொடிகள் மட்டும் பசுமையாக இருப்பதைக் கண்டார். பரீட்சைகள் செய்து 1885ல் அதை வெளியிட்டார். அதுவே போர்டோ கலவை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. மயில் துத்தத்தைத் தனியே தெளித்தால் இலை வெந்து போகும். சுண்ணாம்பைத் தனியே தெளித்தால் நோய் போகாது. இரண்டும் சேரும்போது துத்தத்தின் காரம் தணிந்து, மருந்து இலைமேல் ஒட்டிக் கொண்டு மழைக்கும் நிற்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் சமஸ்தானத்தின் நிபுணர் லெஸ்லி கோல்மன், பாக்கு மரங்களைப் பாழாக்கிய கொளெரோகா என்னும் நோய்க்கு இக்கலவையையே சிபாரிசு செய்தார். மலைநாட்டின் கடும் மழையில் கழுவிப் போகாமலிருக்க அதில் பிசினும் சேர்க்கப்பட்டது. சேர்க்கை என்பது வெறும் கூட்டல் அன்று; ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்ப வேண்டும்.

மருந்து மழுங்கும் விதம்

பூஞ்சக்காளானின் வித்துக்கள் கண்ணுக்குத் தெரியாதவை, காற்றில் பறப்பவை, ஒரு வயலில் கோடிக்கணக்காக உண்டாகுபவை. இக்காலத்துப் புதிய மருந்துகளில் பல, அந்த உயிரின் உடலில் ஒரே ஒரு காரியத்தைத் தடுத்து அதைக் கொல்கின்றன. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போல என்று சொல்லலாம். கோடி வித்துக்களில் எங்கோ ஒன்றில் அந்தப் பூட்டு இயற்கையாகவே சிறிது மாறியிருக்கும். சாவி அதில் நுழையாது. மருந்து அடித்தவுடன் மற்றவை மடிகின்றன. அது ஒன்று மட்டும் பிழைக்கிறது. மறுபடியும் அதே மருந்தை அடித்தால், பிழைத்ததன் சந்ததி மட்டுமே வயலில் பெருகும். சில வருஷங்களில் அம்மருந்து தண்ணீருக்குச் சமானமாகி விடும்.

இது கற்பனையன்று. ஜப்பானில் குலை நோய்க்கு 1965ஆம் வருஷத்தில் காசுகாமைசின் என்னும் மருந்து வந்தது. நன்றாகக் கேட்டது, ஆகவே அதையே எல்லாரும் அடித்தனர். 1970களின் தொடக்கத்தில் யாமகாட்டா என்னும் பகுதியில் அது கேளாமற் போயிற்று. அதை நிறுத்தி வேறு மருந்துகளுக்கு மாறிய பிறகு, எதிர்த்து நின்ற வித்துக்கள் சிறிது சிறிதாகக் குறைந்தன. உருளைக்கிழங்கின் கருகல் நோய்க்கு 1970களின் பிற்பகுதியில் வந்த மெட்டலாக்சிலுக்கும் இதே கதி நேர்ந்தது. அயர்லாந்திலும் ஹாலந்திலும் அதைத் தனியே உபயோகித்ததில் 1980லேயே அது தோற்றது. அதன் பின் மாங்கோசெப் என்னும் பழைய மருந்தோடு சேர்த்தே அது பெரும்பாலும் விற்கப்படலாயிற்று.

மாங்கோசெபுக்கு என்ன விசேஷம்? அது இலைக்குள் பாய்வதில்லை. மேலே கவசம் போல் நிற்கிறது. பூஞ்சக்காளானின் உடலில் ஒரு காரியத்தையன்றிப் பல காரியங்களை ஒரே சமயத்தில் கெடுக்கிறது. பல பூட்டுக்களையும் ஒருங்கே மாற்றிக் கொள்வது அச்சிற்றுயிருக்கு எளிதன்று. தாமிர மருந்துகளும் கந்தகமும் இவ்வகையே. உள்ளே பாயும் மருந்து, ஏற்கெனவே நுழைந்த நோயைப் பிடிக்கிறது. மேலே நிற்கும் மருந்து, புதிதாக வந்து விழும் வித்தைத் தடுக்கிறது.

கணக்கு விளங்க ஓர் உதாரணம்: ஒரு மருந்தை எதிர்க்கும் வித்து பத்து லட்சத்தில் ஒன்று என்று வைத்துக் கொள்வோர், வேறு வகையான மற்றொரு மருந்தை எதிர்ப்பதும் பத்து லட்சத்தில் ஒன்று என்று கொள்ளட்டும். இரண்டையும் ஒருங்கே எதிர்ப்பது லட்சம் கோடியில் ஒன்றாகும். சேர்க்கையின் பெரிய லாபம் இதுவே. நோய் இன்று அடங்குவது மட்டுமல்ல. மருந்து நாளைக்கும் உதவும்.

எதனோடு எதைச் சேர்ப்பது

1981ஆம் வருஷத்தில் மருந்துக் கம்பெனிகளின் விஞ்ஞானிகள் ஒரு சர்வதேசக் கமிட்டி ஏற்படுத்தி, இம்மருந்துகளை வேலை செய்யும் விதப்படி பிரித்து ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் எண் கொடுத்தனர். இவ்வெண்களை அறிந்தால் கடைக்காரர் சொல்லும் பெயர்களில் மயங்க வேண்டியதில்லை.

கார்பென்டசிம் 1ஆம் வகுப்பு. ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல், டெபுகோனசோல், டைபெனகோனசோல் ஆகியவை 3ஆம் வகுப்பு. மெட்டலாக்சில் 4ஆம் வகுப்பு. அசாக்சிஸ்ட்ரோபின், டிரைபிளாக்சிஸ்ட்ரோபின் இரண்டும் 11ஆம் வகுப்பு. டிரைசைக்ளசோல் 16ஆம் வகுப்பு. தாமிரம், கந்தகம், மாங்கோசெப் ஆகியவை பல வழிகளில் வேலை செய்வதால் 'எம்' என்னும் எழுத்தின்கீழ் வைக்கப்பட்டிருக்கின்றன.

வெவ்வேறு எண்ணுள்ளவற்றைச் சேர்ப்பதே முறை. ஹெக்சகோனசோலையும் புரோபிகோனசோலையும் சேர்ப்பவன், ஒரே சாவியை இரண்டு முறை விலைக்கு வாங்கியவனாவான். செலவே இரட்டிப்பு, பாதுகாப்பு இல்லை.

கம்பெனிகளே அளவிட்டுக் கலந்து விற்கும் மருந்துகள் இப்பொழுது பல உண்டு. கார்பென்டசிம் 12 சதவிகிதமும் மாங்கோசெப் 63 சதவிகிதமும் சேர்ந்த தூள் ஒன்று. நெல்லின் குலை நோய், இலையுறைக் கருகல் இரண்டுக்கும், டெபுகோனசோல் 50 சதவிகிதமும் டிரைபிளாக்சிஸ்ட்ரோபின் 25 சதவிகிதமும் சேர்ந்த மருந்து ஏக்கருக்கு 80 கிராம் வீதம் உபயோகிக்கப்படுகிறது. மிளகாயின் பழ அழுகலுக்கு அசாக்சிஸ்ட்ரோபினும் டைபெனகோனசோலும் சேர்ந்த மருந்து உண்டு. வெள்ளரி, புடல், பீர்க்குக் கொடிகளின் அடிச்சாம்பல் நோயை உண்டாக்கும் உயிர், உருளைக்கிழங்குக் கருகலை உண்டாக்குவதற்குச் சுற்றம். மெட்டலாக்சிலும் மாங்கோசெபும் சேர்ந்த கலவை அவ்வகை நோய்களுக்காக ஏற்பட்டது. எந்த மருந்தானாலும், டப்பாவின் சீட்டில் அப்பயிரின் பெயரும் அந்நோயின் பெயரும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

கலவைக்கும் ஒரு வரம்புண்டு. கலவை மருந்தையும் ஒரே போகத்தில் ஓயாமல் அடித்தல் கூடாது. அடுத்த தெளிப்புக்கு வேறு எண்ணுள்ளதை மாற்ற வேண்டும்.

வீணான செலவுகள்

நோய் இன்னதென்று அறியாமல் கலப்பது பணத்தை ஏரியில் எறிவதற்கு ஒப்பாகும். வெண்டையில் இலை நரம்புகள் மஞ்சளாவது பூஞ்சக்காளான் நோயன்று. வெள்ளை ஈ கொண்டு வரும் நச்சுயிர் நோய். அதற்கு எத்தனை பூஞ்சக்காளான் மருந்தைச் சேர்த்து அடித்தும் பயனில்லை. நெல்லின் பாக்டீரியா இலைக் கருகலும் அத்தகையதே. அதை வீட்டிலேயே பரீட்சித்து அறியலாம்: கருகத் தொடங்கிய இலையின் ஒரு துண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடித் தம்ளரில் விட்டால், வெட்டுவாயிலிருந்து பால் போன்ற கசிவு இறங்கும். அவ்வாறு இறங்கினால் இவ்வகை மருந்து வேண்டாம்.

சிக்கனமென்று எண்ணி இரண்டு மருந்திலும் பாதி பாதி அளவு கலப்பது மிகப் பெரிய பிசகு. பாதி அளவில் இரண்டுமே பலஹீனமாகின்றன. எதிர்க்கும் வித்துக்கள் உயிர் பிழைக்க அதுவே வழி. ஒவ்வொன்றும் அதனதன் பூர்ண அளவில் இருக்க வேண்டும். விதைக்கு சூடோமோனாஸ் என்னும் உயிர் மருந்தைப் பூசுகிறவர்கள், அதனோடு இரசாயன மருந்தைச் சேர்க்கலாகாது. அவ்வுயிர் மடிந்து போகும்.

கலக்கும் விதம்

கம்பெனி கலந்து கொடுத்ததில் இக்கவலை அதிகமில்லை. தனித்தனி மருந்துகளை வயலில் கலப்பவர்கள், அக்கலவை அனுமதிக்கப்பட்டதா என்று வேளாண்மை அலுவலரைக் கேட்டறிந்து, பின்வருமாறு செய்தல் வேண்டும்.

முதலில் ஒரு கண்ணாடி ஜாடியில் ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு, டேங்கில் போடும் விகிதப்படியே சிறிதளவு மருந்துகளைக் கலக்கி அரை மணி நேரம் வைக்க வேண்டும். திரிந்தாலும், கட்டி தட்டினாலும், ஏடு பிரிந்தாலும், ஜாடி சூடேறினாலும் அக்கலவை உதவாது. தெளிக்கப் போகும் கிணற்றுத் தண்ணீரிலேயே இதைச் செய்ய வேண்டும். உவர் நீரில் திரியும் கலவை நல்ல நீரில் திரியாமலிருக்கலாம்.

டேங்கில் பாதித் தண்ணீர் ஊற்றிய பிறகு, தூள் மருந்தைச் சிறிது நீரில் குழைத்து முதலில் விட வேண்டும். குருணை மருந்து அதன் பின். குழம்பு மருந்து அதற்கும் பின். எண்ணெய்ப் பதமுள்ளது கடைசியில். கலந்ததை அன்றே அடித்து முடிக்க வேண்டும். போர்டோ கலவையோடு வேறு மருந்து எதையும் கலக்கக் கூடாது. கந்தகத்தோடு எண்ணெய்ச் சரக்கைச் சேர்த்தால் இலை தீய்ந்து விடும்.

இப்பக்கத்தில் வயலுக்கு அடுத்தாற்போலவே வீடுகள் இருப்பதால், காற்றடங்கிய காலை வேளையிலேயே தெளிக்க வேண்டும். முகமும் கையும் மூடியிருக்க வேண்டும். தெளிப்பானை ஏரியிலோ கால்வாயிலோ கழுவலாகாது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீரே அடையாறாக நகரத்தினூடே செல்கிறது. அறுவடைக்கு முன் எத்தனை நாள் நிறுத்த வேண்டுமென்று சீட்டில் கண்டபடி நடத்தல் அவசியம். காய்கறியில் இது மிகமிக முக்கியம். மாங்கோசெப் மனித தேகத்திற்குத் தீங்கு செய்யக்கூடுமென்று கருதி ஐரோப்பிய ஒன்றியத்தார் 2020ஆம் வருஷத்தில் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்ததிலிருந்தே இதன் முக்கியத்துவம் விளங்கும்.

சங்கம் செய்ய வேண்டியது

ஏரித் தண்ணீரை ஒருவன் மட்டும் வீணாக்கினால் ஆயக்கட்டு முழுவதும் காய்கிறது. அதனால்தான் மடை திறக்கவும் முறை வைக்கவும் ஊர்க்கட்டுப்பாடு ஏற்பட்டது. மருந்தின் வீரியமும் ஏரித் தண்ணீர் போன்ற பொதுச் சொத்தே. ஒருவன் தன் வயலில் ஒரே மருந்தைப் பத்து முறை அடித்து எதிர்ப்புள்ள வித்தை வளர்த்தால், அது வரப்பைத் தாண்டி, ஒழுங்காக நடந்த அயலான் வயலிலும் விழுகிறது. அயலான் வாங்கிய மருந்தும் கேளாமற் போகிறது. தனி ஒருவன் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் இதைத் தடுக்க முடியாது. ஊர் கூடினால் முடியும்.

1904ஆம் வருஷத்தில் இந்தியாவிலேயே முதன்முதலாக விவசாயக் கடன் சங்கம் பதிவானது திருவள்ளூரை அடுத்த திரூரில். இன்று தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமென்று வழங்கும் ஐக்கிய சங்கங்கள் கடனுக்கென்றே தோன்றின. ஆனால் தனியாள் செய்ய இயலாததைக் கூடிச் செய்வதே அவற்றின் உயிர். அவ்வகையில் ஒவ்வொரு சங்கமும் கீழ்க்கண்டவற்றை மேற்கொள்ளலாம்.

முதலாவது, சங்கக் கட்டடத்துச் சுவரில் ஒரு பலகை வைத்து, மருந்துகளின் பெயரையும் வகுப்பு எண்ணையும் தமிழில் எழுதி வைத்தல். இரண்டாவது, மருந்து கொள்முதல் செய்யும் சங்கம், ஒரே எண்ணுள்ள மருந்தை மட்டும் வாங்கி அடுக்காமல், குறைந்தது இரண்டு மூன்று வகுப்புக்களை வைத்திருத்தல். மூன்றாவது, ஒரு மடைக்கு உட்பட்ட நிலக்காரர்கள் நோய் கண்டவுடன் ஒரே வாரத்தில் தெளிக்கும்படி ஏற்பாடு செய்தல். ஒருவன் அடித்து மறுவன் அடிக்காவிட்டால் நோய் திரும்பவும் வரும். நான்காவது, யார், எந்தத் தேதியில், எந்த நோய்க்கு, எந்த எண்ணுள்ள மருந்தை அடித்தார் என்று ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் பதிந்து வருதல். அடுத்த தெளிப்புக்கு எதை மாற்றுவதென்பதை அப்புஸ்தகமே சொல்லும். ஐந்தாவது, சந்தேகம் வந்தால் நோய் கண்ட செடியையே எடுத்துக் கொண்டு, காட்டாங்குளத்தூர் வட்டாரத்துக் காட்டுப்பாக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரிடமோ வட்டார வேளாண்மை அலுவலரிடமோ காட்டுதல். 1868ஆம் வருஷத்தில் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளிக்கூடமே 1906ல் கோயம்புத்தூருக்கு மாறி, 1971ல் பல்கலைக்கழகமாயிற்று. இத்தகைய ஆராய்ச்சியின் பலன் வயலுக்கு வந்து சேராவிட்டால் அதனால் என்ன பயன்?

இவற்றில் பணச் செலவு அதிகமில்லை. ஒரு பலகை, ஒரு நோட்டுப் புஸ்தகம், அங்கத்தினர்களின் ஒற்றுமை ஆகிய மூன்றுமே மூலதனம்.

இரண்டு மருந்துகள் சேர்ந்து ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும்போது நோய் அடங்குகிறது. அங்கத்தினர்களும் அவ்வாறே சேர்ந்து நடப்பார்களாயின், வரும் மார்கழிப் பனியில் கதிர்கள் கழுத்தொடியாமல் நிமிர்ந்து நிற்கும். தை மாதத்தில் களத்துக்கு நெல்லும், சங்கத்துக்குத் தவணையும் ஒழுங்காக வந்து சேரும்.